காக்ளியர் இம்ப்ளாண்ட் குழந்தைகளுக்கு வீடியோவில் தெரபி: இந்த முறை ஊரில் பார்த்தது

கொரோனா ஊரடங்கில் வேறு வழியில்லாமல் தொடங்கிய வீடியோ தெரபி, அதாவது கேட்கவும் பேசவும் பழக்கும் பயிற்சி, காக்ளியர் இம்ப்ளாண்ட் (காது கேளாதவர்களின் உள்காதில் அறுவை செய்து பொருத்தும் மின்கருவி) வைத்த சின்னக் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் இன்றும் தொடர்கிறது. இந்த முறை இங்கிலாந்திலிருந்து ஊருக்கு வந்தபோது, தஞ்சாவூர், பட்டுக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் அது நடக்கும் விதத்தைக் கூடவே உட்கார்ந்து பார்த்தோம். பயிற்சி நன்றாக நடந்த வீடுகளில் குழந்தை போனைப் பார்க்கவே இல்லை. தெரபிஸ்ட் அம்மாவுக்குச் சொல்லித் தருகிறார், அம்மா குழந்தையோடு பேசி விளையாடுகிறார். குழந்தையைப் போனுக்கு முன்னால் உட்கார வைத்து, படம் காட்டி, "இது என்ன? சொல்லு, சொல்லு" என்று கேட்ட இடங்களில் அந்த ஒரு மணி நேரம் வீண்.

தேவை எவ்வளவு பெரிது என்பது ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறுவை செய்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தரும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்திலும் வழி உண்டு. இது சாதாரணக் காரியமல்ல. பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள கருவி கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுக் குழந்தைக்கும் கிடைக்கிறது. ஆனால் அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும், சில வாரங்களில் ஸ்விட்ச் ஆன் செய்துவிடுவார்கள். கேட்டுப் பழகிப் பேச்சு வருவதற்கோ ஆண்டுக்கணக்கில் வாராவாரம் பயிற்சி வேண்டும். அனுபவமுள்ள தெரபிஸ்ட்கள் பெரும்பாலும் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில்தான் இருக்கிறார்கள். இரவு பஸ் ஏறிப் போய், மறுநாள் கூலியையும் இழந்து, தூக்கம் கெட்ட குழந்தையோடு ஒரு மணி நேரம் உட்கார்வதைவிட வீட்டிலேயே வீடியோவில் செய்வது மேல். முறையாகச் செய்தால் மட்டும்.

குழந்தை ஏன் போனிலிருந்து வரும் குரலைக் கேட்டுப் பழகக் கூடாது? வீடியோ அழைப்புச் செயலிகள் பின்னணி இரைச்சலை வடிகட்டுகின்றன. 'ஸ்', 'ஷ்' போன்ற ஒலிகளும் இரைச்சலின் சாயலில் இருப்பதால் அவையும் சேர்ந்து அடிபடும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் குரல் அமுங்கிவிடும். கொஞ்சம் தாமதமும் உண்டு. குழந்தை 'ஆ' என்று சொன்ன உடனே வர வேண்டிய பதில் பிந்தி வந்தால், நாம் சொன்னதற்குத்தான் பதில் வந்தது என்று அதற்குப் புரியாது. ஆகவே குழந்தையின் காதுக்குப் போக வேண்டியது பக்கத்தில் இருப்பவரின் நேரடிக் குரல். தெரபிஸ்ட்டின் குரல் அம்மாவுக்கு மட்டும் கேட்டால் போதும். அதற்கு ஒயர் வைத்த சாதாரண இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டினால் சரி. மற்றக் காது குழந்தைக்கு. ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' அமைப்பைப் போட்டால் குழந்தையின் உச்சரிப்பு தெரபிஸ்ட்டுக்குத் தெளிவாகப் போகும்.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரிவதில்லை. ஒலியை வாங்கி இம்ப்ளாண்ட்டுக்கு அனுப்பும் வெளிக் கருவிதான் பிராசசர்; புதுப் பிராசசர்கள் ப்ளூடூத்தில் போனோடு இணையும். வீட்டு ஒலிகளைக் கேட்க வேண்டிய குழந்தைக்கு அழைப்பின் ஒலி நேராகப் பிராசசருக்குள் போய், அறையின் ஒலி தணிந்துவிடும். அம்மா பேசுவார், குழந்தை திரும்பாது, எல்லாரும் பயப்படுவார்கள். பயிற்சி தொடங்கும் முன் அந்த இணைப்பைத் துண்டியுங்கள்.

இடம் அமைப்பதற்குச் செலவில்லை. வெறும் தரையும் சிமெண்டுச் சுவரும் எதிரொலிக்கும். பாய் விரித்து, கனமான துணித் திரை இருக்கும் அறையாகப் பாருங்கள். டிவி, மிக்ஸி, குக்கர் மூன்றும் ஓயும் நேரமாக இருக்கட்டும். ஃபேனைக் குறைக்கலாம். அம்மா குழந்தையின் பக்கத்தில், இம்ப்ளாண்ட் இருக்கும் காதுப் பக்கமாக, ஒரு முழத்துக்குள் உட்கார வேண்டும். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். கத்துவதைவிட நெருங்குவது நல்லது. அரசுத் திட்டத்தில் பெரும்பாலும் ஒரு காதுக்குத்தான் வைப்பதால் இந்தப் பக்கக் கணக்கு நம் ஊரில் இன்னும் முக்கியம். போனைப் படுக்கை வாட்டில், நாலைந்து அடி தள்ளி, இருவர் முகமும் கையும் தெரியும்படி சாய்த்து வையுங்கள். ஒரு மணி நேர அழைப்புக்கு அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேல்கூட ஆகும். நாளுக்கு 1.5 ஜிபி திட்டத்தில் இருக்கும் வீட்டில் காலையிலேயே கார்ட்டூன் ஓடினால் சாயங்கால வகுப்பு பாதியில் நின்றுவிடும்.

அழைப்பு வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே பிராசசரைச் சோதிக்க வேண்டும். அடிக்கடி கெடுவது காயில் ஒயர்; காயில் என்பது தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வட்டமான பகுதி. வளைந்து வளைந்து உள்ளே அறுந்துவிடும், வெளியே எதுவும் தெரியாது. ஒரு மாற்று ஒயர் கையில் இல்லாத வீட்டில் குழந்தை பல நாள் சத்தமே இல்லாமல் இருக்க நேரிடும். அடுத்தது பேட்டரி. ஜிங்க் ஏர் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்துச் சில நிமிடம் காற்றில் வைத்த பிறகே போட வேண்டும். 675 என்ற அளவு மட்டும் பார்த்துக் காதுக் கருவிக்கான பேட்டரியை வாங்கிவிடுகிறார்கள். இம்ப்ளாண்ட்டுக்கென்றே வரும் வகை அதிக மின்சாரம் தருவது, மற்றது சீக்கிரம் நின்றுபோகும். நம் ஊர் வேர்வைக்கும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கும் தினமும் இரவு உலர்த்தும் டப்பாவில் வைத்தே ஆக வேண்டும். சிலிக்கா மணிகளின் நிறம் மாறினால் அவை வேலை செய்யவில்லை என்று பொருள். தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கமும் கவனிக்க வேண்டியது; மைக் துளையில் எண்ணெய் ஏறினால் குழந்தைக்கு எல்லாம் மங்கலாகக் கேட்கும். குலதெய்வக் கோயிலில் மொட்டை அடித்தால், முடி போனதும் அதே காந்தம் தோலை இறுக்கிப் பிடிக்கும். காயிலைக் கழற்றி அந்த இடம் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, சிவந்திருந்தால் பலம் குறைந்த காந்தம் கேளுங்கள்.

பிறகு லிங் ஆறு ஒலிச் சோதனை: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து உயர்ந்தது வரை பேச்சின் முழு வீச்சையும் இந்த ஆறும் தொட்டுவிடும். அம்மா குழந்தைக்குப் பின்புறமாக, வாய் தெரியாமல், சாதாரணக் குரலில், வரிசை மாற்றி, இடைவெளியையும் மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். ஒரே இடைவெளியில் சொன்னால் குழந்தை கேட்காமலே கணக்குப் பண்ணித் திரும்பும். நேற்று வரை 'ஸ்' கேட்ட குழந்தைக்கு இன்று கேட்கவில்லை என்றால் முதல் சந்தேகம் மைக் மீதும் ஒயர் மீதும்தான். இந்தச் சோதனையைத் தெரபிஸ்ட் போன் வழியாகச் செய்யவே கூடாது. அம்மா செய்ய, அவர் பார்க்க வேண்டும்.

நாங்கள் பார்த்ததில் மிகச் சிறந்த தெரபிஸ்ட் முதல் நாளே வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பிவிடுவார்: இரண்டு டம்ளர், ஒரு கரண்டி, தக்காளி, துண்டு. பொம்மை வாங்கச் சொல்வதில்லை. ஒரு செயலை விளக்குவார், அம்மா செய்வார், அவர் பேசாமல் பார்ப்பார், முடிந்ததும் ஒரே ஒரு திருத்தம் சொல்வார். பெரும்பாலும் அந்தத் திருத்தம், "கேட்டுவிட்டுக் காத்திருங்கள்" என்பது. பொருளைக் காட்டிவிட்டுப் பெயர் சொல்வது நம் வழக்கம். இங்கே தலைகீழ்: முதலில் சொல், பிறகு இடைவெளி, பிறகுதான் பொருள், மறுபடி சொல். ஆறேழு நொடி மௌனம் பாட்டிகளுக்குத் தாங்காது, "அதோ பாரு" என்று கை நீட்டிவிடுவார்கள். பாட்டியையும் பயிற்சியில் உட்கார வைப்பதே இதற்கு மருந்து. நாள் முழுக்கக் குழந்தையோடு பேசுவது பெரும்பாலும் அவர்தானே.

இங்கிலாந்தில் வரும் பயிற்சித் தாள்களை அப்படியே மொழிபெயர்த்தால் தமிழுக்குப் பொருந்தாது. முதலில் நீளம்: 'வா' என்பதையும் 'வாழைப்பழம்' என்பதையும் குழந்தை பிரித்தறிய வேண்டும். அடுத்து குறில், நெடில்: கல்-கால், பல்-பால். ஒலியின் நேர அளவை இம்ப்ளாண்ட் நன்றாகக் கடத்துவதால் இது சீக்கிரம் வரும். ல-ள, ன-ண வேறுபாடு நுட்பமான அதிர்வெண் வேறுபாடு. அதைத் தொடக்கத்தில் எதிர்பார்த்துக் குழந்தையை வாட்டாதீர்கள். பெயர்ச்சொல்லாக அடுக்குவதும் தவறு. தமிழில் அர்த்தம் சொல்லின் வாலில் இருக்கிறது: 'பையில போடு', 'பையிலேருந்து எடு'. விகுதியை விழுங்காமல் சற்று நீட்டிச் சொல்லிப் பழக்க வேண்டும்.

மேப்பிங்கை இதோடு குழப்பக் கூடாது. மேப் என்பது குழந்தைக்கேற்ப பிராசசரில் வைக்கும் அமைப்பு; அதை மாற்றுவது கேட்பியல் நிபுணரான ஆடியாலஜிஸ்ட் வேலை. அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ 2017-இல் தொலைவிலிருந்து மேப் மாற்ற அனுமதித்தபோதும், குறைந்தது 6 மாதம் பிராசசர் போட்டுப் பழகியவர்களுக்குத்தான் அனுமதித்தது. சின்னக் குழந்தைக்கு நேரில் போவதே நல்லது. சத்தம் கேட்டு முகம் சுளித்தால், கண் துடித்தால், பிராசசரைப் பிய்த்து எறிந்தால், குழந்தை முன்பு சொல்லிவந்த ஒலிகள் மறைந்தால், அடுத்த வீடியோ வகுப்புக்குக் காத்திராமல் மையத்துக்குக் கிளம்புங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஊரிலுள்ள தெரபிஸ்ட்டிடம் வீடியோவில் தமிழில் பயிற்சி எடுப்பதை நாங்கள் மனதார ஆதரிக்கிறோம். வீட்டில் பேசும் மொழியில்தான் குழந்தைக்கு அதிகப் பேச்சு கிடைக்கும். இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா, இம்ப்ளாண்ட் குழந்தைகளோடு வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். உள்ளூர் இம்ப்ளாண்ட் மையத்துக்கும் சொல்லிவிடுங்கள். இருவரும் வெவ்வேறு இலக்கு வைத்தால் குழந்தைதான் அல்லாடும். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் கோடையில் நாலரை மணி, குளிரில் ஐந்தரை மணி வித்தியாசம். மார்ச், அக்டோபர் கடைசியில் கடிகாரம் மாறும் வாரத்தில் வகுப்பு தவறிப்போகிறது.

ஊரிலிருக்கும் ஒரு குழந்தைக்கு உதவ நினைப்பவர்கள் பழைய பிராசசரைக் கொண்டுவராதீர்கள். ஒருவருடைய மேப் இன்னொருவருக்கு ஆகாது; பல கருவிகள் வேறு இம்ப்ளாண்ட்டோடு இணையவே மாட்டா. காலாவதித் தேதி பார்த்து வாங்கிய இம்ப்ளாண்ட் பேட்டரி, சிலிக்கா டப்பா, காயில் ஒயருக்கான பணம், மாதாமாதம் டேட்டா ரீசார்ஜ் ஆகியவையே அந்த வீட்டுக்கு உடனே பயன்படும்.