அல்சூர் அண்ணாச்சி கடை: மாத மளிகையில் உண்மையிலேயே மிச்சம் பிடிக்க முடிகிறதா?

முடிகிறது. ஆனால் எல்லாச் சாமானிலும் இல்லை. எதை இங்கே வாங்கலாம், எதை வாங்க வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பெங்களூரு அல்சூரில் சோமேஸ்வரர் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற கடை. பெயர் போடவில்லை, "இருக்கிற கூட்டத்தையே சமாளிக்க முடியலக்கா, விளம்பரம் வேணாம்" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். மூட்டை பிரித்து நிறுத்துத் தருகிற தமிழ் மளிகைக் கடை எது என்று கோயில் பக்கம் கேட்டால் காட்டுவார்கள்.

வருமான வரி கட்டுகிற வீடு என்பதால் கர்நாடக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதாமாதம் தருகிற கிருகலட்சுமியின் 2,000 ரூபாய் எங்களுக்குக் கிடையாது, வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கான பிபிஎல் ரேஷன் கார்டு இல்லாததால் அன்னபாக்யா இலவச அரிசியும் கிடையாது. ஆனால் 2025-இல் ஜனவரியில் பஸ் கட்டணம் 15 சதவீதம் ஏறியது, பிப்ரவரியில் மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது, ஏப்ரலில் நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய் கூடியது, இதெல்லாம் எங்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான். வாடகையிலும் பள்ளிக்கூடக் கட்டணத்திலும் நாம் கை வைக்க முடியாது. மிச்சம் இருப்பது அடுப்படி ஒன்றுதான், அதற்காகப் பிள்ளைகள் தட்டில் பருப்பைக் குறைக்க எனக்கு மனசு வரவில்லை, அதனால் வாங்குகிற இடத்தை மாற்றினோம்.

முதலில் அரிசி. பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டின அரிசி 25 கிலோ வரைக்கும் இருந்தால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதற்கு மேல் எடை என்றால் வரி இல்லை. 26 கிலோ மூட்டை என்று ஒன்று கடைகளில் வர ஆரம்பித்ததே இதனால்தான். மூட்டையைப் பிரித்து நம் கண்ணெதிரே நிறுத்துக் கொடுத்தாலும் வரி இல்லை, அண்ணாச்சி கடையில் இந்த இரண்டு வழியும் இருக்கிறது. சின்னக் குடும்பம், 26 கிலோ வாங்கினால் வண்டு பிடிக்கும் என்று பயப்படுகிறவர்கள் பொன்னியோ இட்லி அரிசியோ அஞ்சு கிலோ, பத்து கிலோவாக வாங்கிக்கொள்ளலாம், அதற்காக முகம் சுளிக்க மாட்டார். ஒரு பிடி அள்ளிக் கையில் கொடுத்து "பாருங்க, பழசுதான், சாதம் குழையாது" என்பார், இதுவரை அவர் சொன்னபடிதான் இருந்திருக்கிறது.

எண்ணெய் விஷயத்தில் அவரிடம் நான் கற்றுக்கொண்டது நிறைய. ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் எடை இருக்கும். இப்போது 850 கிராம், 800 கிராம், 750 கிராம் என்று பாக்கெட்டுகள் வருகின்றன, பார்த்தால் ஒரு லிட்டர் மாதிரியேதான் இருக்கும், விலை குறைச்சல் என்று நாமும் எடுத்துப் போட்டுக்கொள்வோம். அண்ணாச்சி அந்த மாதிரி பாக்கெட்டைக் கேட்டாலே "அக்கா, கிராமைப் பாருங்க" என்று திருப்பிக் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறார். ஒரு கிராம் என்ன விலை, ஒரு மில்லி என்ன விலை என்று பாக்கெட்டில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எம்ஆர்பியைப் பார்க்காமல் அதைப் பாருங்கள், எந்தக் கடையில் வாங்கினாலும் சரி.

2024 செப்டம்பரில் இறக்குமதி வரியை ஏற்றியதும் எண்ணெய் விலை ஏறியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், 2025 மே கடைசியில் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கு மட்டும் வரியைக் குறைத்தார்கள். நாட்டின் எண்ணெய்த் தேவையில் பாதிக்கும் மேல் வெளிநாட்டிலிருந்து வருவதால் இந்த விலையில் எந்த மளிகைக் கடைக்காரரும் பெரிதாகக் குறைக்க முடியாது. இங்கேயும் லிட்டருக்கு இரண்டு மூன்று ரூபாய்தான் குறைவு. பாக்கெட் போடாமல் அளந்து ஊற்றித் தருகிற எண்ணெய் விற்பதில்லை, அது சட்டப்படி கூடாது, நல்லதுதான்.

மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் பிரித்து விற்கவும் அனுமதி இல்லை என்பதால் அதுவும் இங்கே கிடையாது. வர மிளகாய், மல்லி, விரலி மஞ்சள் வாங்கி வெயிலில் காயவைத்துப் பக்கத்து மாவு மில்லில் அரைத்துக்கொள்கிறேன். அரைக்கிற கூலியைச் சேர்த்தாலும் பாக்கெட் சாம்பார் பொடியை விட நன்றாகவே மிச்சமாகிறது, அப்புறம் வாசனை, அது வேறு மாதிரி. துவரம்பருப்பு, உளுந்து, கடலைப்பருப்பும் இங்கேதான் வாங்க வேண்டும், பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வருகிற ஆப்களின் விலையோடு ஒப்பிட்டால் கிலோவுக்கு 15, 20 ரூபாய் வித்தியாசம் இருக்கிறது, டெலிவரி கட்டணம், கையாளும் கட்டணம் எல்லாம் தனி. சோப்பு, பிஸ்கட், டீத்தூள் இங்கே வாங்க வேண்டாம், எம்ஆர்பிதான், பெரிய சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுபடி வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

கணக்கு நோட்டு பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தெரிந்த குடும்பங்களுக்கு மாதக் கடைசியில் எழுதிவைத்துக் கொடுக்கிறார், சம்பளம் வந்ததும் கட்டலாம், வட்டி கிடையாது. நாலு பேர் நிற்கும்போது பாக்கியைப் பற்றி வாயே திறக்க மாட்டார். கிரெடிட் கார்டில் மளிகை வாங்கிவிட்டு முழுசாகக் கட்ட முடியாமல் வட்டியில் மாட்டிக்கொண்ட வீடுகளை எனக்குத் தெரியும், அவர்களுக்கெல்லாம் இப்படி ஒரு கடை பக்கத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன்.

குறைகளும் உண்டு. பில் துண்டுச் சீட்டில்தான், கிறுக்கல் கையெழுத்து, கூட்டலை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விலைப்பலகை இல்லை, ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியிருக்கிறது, கூச்சப்படுகிறவர்கள் கேட்காமலே வந்துவிடுவார்கள், அண்ணாச்சி தமிழிலும் கன்னடத்திலும் ஒரு பலகை எழுதி வைத்தால் பெரிய உதவி. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை போகவே போகாதீர்கள், வயசானவர்கள் உட்கார ஒரு ஸ்டூல்கூட இருக்காது. வார நாளில் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் போனால் நிதானமாகப் பார்த்து வாங்கலாம். கர்நாடகப் பெண்களுக்கு அரசின் சாதாரண பஸ் இலவசம் என்பதால் போய் வருகிற செலவு இல்லை, அரிசி மூட்டையை மட்டும் கடைப் பையன் வண்டியில் சாயங்காலம் கொண்டுவந்து போட்டுவிடுவான். துணிப்பையும் காலி டப்பாக்களும் கொண்டுபோங்கள், கவர் தர மாட்டார்கள்.