பைத்தானில் வரிமுறிவு: எட்டு வருடப் புழக்கத்தில் கண்டது

பைத்தான் என்ற நிரல்மொழியைத் தினமும் தொட ஆரம்பித்து எட்டு வருடம் ஆகிறது. என் வேலை பெரும்பாலும் உரையைப் பிரிப்பது, ஒட்டுவது, வேறு வடிவில் கொட்டுவது. இதில் அதிக நேரத்தைத் தின்றது எது என்று கேட்டால், கண்ணுக்கே தெரியாத வரிமுறிவுதான்.

முதல் அடி ஒரு முகவரிப் படிவத்தில் விழுந்தது. பெயர், தெரு, பின்கோடு, கைபேசி எண் என்று நான்கு வரி. வாடிக்கையாளர் உரைப்பெட்டியில் தட்டுவதை சர்வரில் வாங்கி, வரிமுறிவைக் குறிக்கும் பேக்ஸ்லாஷ் என் (\n) வரும் இடத்திலெல்லாம் வெட்டினேன். பின்கோடு 625001 என்று சரியாகத்தான் தெரிந்தது. பட்டியலில் தேடினால் இல்லை என்றது. இரண்டு சதுர அடைப்புக்குறிக்கு நடுவே வைத்து அச்சிட்டுப் பார்த்தேன். திரையில் வந்தது ]625001. கடைசியில் நிற்க வேண்டிய குறி முன்னால் போய் உட்கார்ந்து, முதல் குறியை மறைத்துவிட்டது! மறைந்திருக்கும் எழுத்தையும் காட்டும் ரெப்ர் போட்டதும் குட்டு வெளிப்பட்டது. ஆறு இலக்கத்துக்குப் பின்னால் ஒரு பேக்ஸ்லாஷ் ஆர் (\r).

பிரவுசர் படிவத்தை அனுப்பும்போது ஒவ்வொரு வரிமுறிவையும் 13 (பேக்ஸ்லாஷ் ஆர்), 10 (பேக்ஸ்லாஷ் என்) என்ற குறியெண் கொண்ட இரண்டு எழுத்தாக அனுப்பும். டெலிடைப் என்ற தந்தித் தட்டச்சு இயந்திரக் காலத்து மிச்சம் இது. தட்டச்சுப் பயிலகத்தில் லோயர் முடித்தவர்களுக்குச் சட்டென்று புரியும்: லீவரைத் தள்ளினால் தாள் ஒரு வரி ஏறும், வண்டியும் ஓரத்துக்குத் திரும்பும். இரண்டு வேலை, இரண்டு எழுத்து. யூனிக்ஸ் 10 மட்டும் போதும் என்றது. விண்டோஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது. வெறும் 10 உள்ள கோப்பை நோட்பேட் ஒழுங்காகக் காட்ட 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்புறம் உரையை வரிகளாகப் பிரித்துத் தரும் ஸ்பிளிட்லைன்ஸுக்கு மாறினேன். வெறும் 10, வெறும் 13, இரண்டும் சேர்ந்தது என்ற மூன்று வகை முறிவையும் அதுவே பார்த்துக்கொள்ளும், கடைசியில் வெற்று வரி ஒன்றும் ஒட்டிக்கொண்டு வராது. நல்ல பிள்ளைதான், ஆனால் கொஞ்சம் அதிகப்பிரசங்கி. பழைய அறிக்கைக் கோப்புகளில் பக்கம் மாற்ற வைக்கும் ஃபார்ம் ஃபீடைக்கூட வரிமுறிவாக எண்ணிவிடும். நான் சொல்லும் வரி எண்ணும் எடிட்டர் காட்டும் வரி எண்ணும் ஒத்துப்போகாமல் ஒரு மதியம் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். இப்போதெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றுவது போல, உள்ளே வரும்போதே 13, 10 ஜோடியை ஒற்றை 10 ஆக்கிவிடுகிறேன். தனியாக நிற்கும் 13-ஐயும் விடுவதில்லை. உள்ளே வேறெங்கும் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை.

அட்டவணையைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சிஎஸ்வி கோப்பு மட்டும் விதிவிலக்கு. கோப்பைத் திறக்கும் ஓப்பன் அழைப்பில் நியூலைன் என்பதற்கு வெற்றுச் சரம் (எழுத்தே இல்லாத உரை) கொடுக்காவிட்டால், விண்டோஸில் எழுதும் ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஒரு காலி வரிசை முளைக்கும். பைத்தானின் சிஎஸ்வி தொகுதி தானாகவே 13, 10 எழுதுகிறது. அந்த 10-ஐப் பார்த்துக் கோப்பில் எழுதும் அடுக்கு இன்னொரு 13-ஐச் சேர்க்கிறது. எக்செலில் ஆல்ட் என்டர் அடித்து ஒரே கட்டத்துக்குள் இரண்டு வரி வைப்பவர்களும் உண்டு. அதனால் சிஎஸ்வியை வரிவரியாக வெட்டவே கூடாது, அந்தத் தொகுதியின் ரீடரிடம் விட்டுவிட வேண்டும்.

மும்மூன்று மேற்கோள் குறிக்கு நடுவே வைக்கும் பலவரிச் சரங்கள் எழுத வசதி. ஆனால் ஃபங்ஷனுக்குள் எழுதினால் இடப்பக்க இடைவெளியும் சரத்தின் பகுதியாகிவிடும். ஒருமுறை நன்றிக் கடிதம் ஒன்று எல்லா வரியும் நான்கு இடம் தள்ளியே போனது. டெக்ஸ்ட்ராப் தொகுதியில் உள்ள டிடென்ட் இதைச் சரிசெய்யும். சரத்துக்குள் சேர்க்கும் மதிப்பிலேயே பல வரி இருந்தால் அதுவும் சொதப்பும், ஆகவே முதலில் டிடென்ட், பிறகு மதிப்புகள்.

நிரல் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பில் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு எல்எஃப் (வெறும் 10) என்று எழுதி வைத்த நாளிலிருந்து, விண்டோஸ் கணினியில் திருத்திய ஸ்கிரிப்ட் லினக்ஸில் ஓட மறுப்பது நின்றுவிட்டது.

பெரிய எரிச்சல் ஒன்று பாக்கி. மதிப்புகளை நடுவே செருக உதவும் எஃப்-சரத்தின் நெளிவு அடைப்புக்குள் பழைய பதிப்புகளில் பேக்ஸ்லாஷ் போட முடியாது. வரிகளை அங்கேயே ஜாயின் செய்ய நினைத்தால் பிழை. 2023-இல் வந்த 3.12 பதிப்பு அந்தத் தடையை எடுத்துவிட்டது. என் மடிக்கணினியில் 3.12 இருக்கிறது, வாடிக்கையாளரின் சர்வரில் இன்னும் 3.8. அதனால் பேக்ஸ்லாஷ் என்-ஐ வெளியே ஒரு மாறியில் வைத்துத்தான் இப்போதும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.