எக்ஸ்ட்4-லிருந்து பட்டர்எஃப்எஸ்: இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு

டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையான ஃபைல் சிஸ்டத்தை எக்ஸ்ட்4-லிருந்து பட்டர்எஃப்எஸ்ஸுக்கு மாற்றிய மூன்றாவது வாரம் கணினி படுத்துவிட்டது. உலாவி திறக்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. அதைவிடக் கொடுமை, மணிக்கு ஒருமுறை எல்லாம் உறைந்துபோகும். மவுஸ் நகரும், ஆனால் க்ளிக் செய்தது எதுவும் நடக்காது. ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும்.

பல வருடங்களாக லினக்ஸில் எக்ஸ்ட்4-தான் வைத்திருந்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஸ்னாப்ஷாட் வசதி, அதாவது கோப்புகளின் அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்துவைக்கும் வசதி, வேண்டியிருந்தது. அதோடு, கோப்பின் உள்ளடக்கம் கெட்டுப்போனால் எக்ஸ்ட்4-க்குத் தெரியாது. பட்டர்எஃப்எஸ் ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் (உள்ளடக்கம் மாறியதா என்று சரிபார்க்கும் எண்) வைத்திருப்பதால் கண்டுபிடித்துவிடும். பழைய புகைப்படங்கள் நிறைய வைத்திருப்பவனுக்கு இது பெரிய விஷயம். ஃபார்மேட் செய்யாமல், இருந்த இடத்திலேயே மாற்றித்தரும் கருவியைப் பயன்படுத்தினேன். டிஸ்க் 1 டிபி, சுழலும் வகை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிரச்சினையில் பாதி இதுதான்.

முதலில் டிஸ்க்கே சாகக் கிடக்கிறதோ என்று பயந்து, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தேன். கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டார் (டிஸ்க்கின் சிறு பகுதி) 0, சந்தேகத்தில் காத்திருக்கும் செக்டார் 0. சரி, டிஸ்க் நலம். அடுத்து, கணினியின் சுமையைக் காட்டும் 'டாப்' ஓட்டினால் சிபியு சும்மா இருக்கிறது, டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரம் மட்டும் எழுபது சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. உறைந்த நேரத்தில், டிஸ்க்கை யார் பயன்படுத்துவது என்று காட்டும் 'ஐயோடாப்' ஓட்டியபோதுதான் ஆள் பிடிபட்டது. பட்டியலில் முதலிடத்தில், லினக்ஸின் மையப்பகுதியான கர்னலின் பட்டர்எஃப்எஸ் க்ளீனர். பழைய ஸ்னாப்ஷாட்டுகளை அழிப்பது இதன் வேலை.

ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்ப்பதற்காக நான் கோட்டா வசதியை இயக்கியிருந்தேன். மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் என்று வைத்ததில் 150-க்கு மேல் சேர்ந்துவிட்டன. ஒன்றை அழிக்கும்போது, அதிலுள்ள ஒவ்வொரு துண்டும் வேறு எந்தெந்த ஸ்னாப்ஷாட்டோடு பகிரப்பட்டிருக்கிறது என்று தேடித்தேடிக் கணக்கைத் திருத்த வேண்டும். சுழலும் டிஸ்க்கில் இந்தத் தேடலுக்கு முடிவே கிடையாது. கோட்டாவை நிறுத்தினேன், ஸ்னாப்ஷாட்டுகளைப் பன்னிரண்டாகக் குறைத்தேன். அன்றிலிருந்து இன்றுவரை உறைதல் ஒருமுறைகூட வரவில்லை.

ஆனால் இந்தக் கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினி இன்னும் ஊர்ந்துகொண்டுதான் இருந்தது. அதன் டிஸ்க்காக இருக்கும் 40 ஜிபி கோப்பு எத்தனை துண்டாகக் கிடக்கிறது என்று 'ஃபைல்ஃப்ராக்' கட்டளையால் பார்த்தேன். அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகள்! பட்டர்எஃப்எஸ் பழைய தரவின் மேலேயே எழுதாது. மாறிய பகுதியை வேறு இடத்தில் எழுதிவிட்டுக் குறிப்பை மாற்றும். ஸ்னாப்ஷாட் இவ்வளவு எளிதாக எடுக்க முடிவது அதனால்தான். ஆனால் உள்ளுக்குள்ளேயே அங்கங்கே ஓயாமல் மாறும் கோப்புக்கு இது விஷம், துண்டு துண்டாகச் சிதறிவிடும். டேட்டாபேஸுக்கும் இதே கதைதான்.

இதற்கு வழி உண்டு: அந்தக் கோப்புக்கு மட்டும் 'இருந்த இடத்திலேயே எழுது' என்ற பண்பைக் கொடுக்கலாம். இங்கே ஒரு நாள் முழுக்க வீணானது. தரவு இருக்கும் கோப்புக்கு அந்தப் பண்பைக் கொடுத்தால் பலனில்லை. காலி ஃபோல்டருக்குக் கொடுத்துவிட்டு, அதற்குள் கோப்பை நகலெடுக்க வேண்டும். நகர்த்தினாலும் போதாது, ஏனென்றால் பெயர்தான் இடம்மாறும், கோப்பு பழையதேதான். அப்புறம் அந்த ஃபோல்டரைத் தனி சப்வால்யூமாக, அதாவது மற்றவற்றின் ஸ்னாப்ஷாட்டில் சேராத தனிப் பிரிவாக, வைத்தேன். இல்லையென்றால் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகும் துண்டு துண்டாகச் சிதறுவது மறுபடி தொடங்கும். நான்கு நிமிடம் எடுத்த மெய்நிகர் கணினி இப்போது ஒரு நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறது. இதற்குக் கொடுத்த விலை, அந்தக் கோப்புக்கு செக்சம் பாதுகாப்பு கிடையாது. அதற்குத் தனியாக பேக்கப் எடுக்கிறேன்.

மாற்றும் கருவி, பழைய எக்ஸ்ட்4-இன் பிம்பத்தை ஒரு சப்வால்யூமில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும். திரும்பிப் போக அது ஒன்றுதான் வழி என்பதால் இரண்டு மாதம் அழிக்க மனம் வரவில்லை. அதை அழித்த பிறகே டீஃப்ராக் (சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) செய்யுங்கள். முன்பே செய்தால் ஒரே தரவு இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். ஸ்னாப்ஷாட் இருக்கும்போதும் அப்படித்தான். டிஸ்க்கை மவுண்ட் செய்யும்போது (கணினியோடு இணைக்கும்போது), கோப்பைப் படித்த நேரத்தைப் பதிய வேண்டாம் என்று சொல்லும் 'நோஏடைம்' சேர்த்ததும் கொஞ்சம் உதவியது.

எல்லாத் தரவையும் படித்து செக்சத்தோடு ஒப்பிடும் ஸ்க்ரப்பை மாதம் ஒருமுறை ஓட்டுகிறேன். சென்ற ஆண்டு ஒருமுறை செக்சம் பிழை என்று காட்டியது. கர்னல் பதிவில் கோப்பின் பெயரே இருந்தது, ஒரு பழைய குடும்பப் புகைப்படம். ஒரே டிஸ்க் என்பதால் அதுவாகவே சரிசெய்ய முடியாது. வெளி டிஸ்க்கிலிருந்த நல்ல நகலை எடுத்துப் போட்டேன். எக்ஸ்ட்4-ஆக இருந்திருந்தால் கெட்ட படமே சத்தமில்லாமல் அடுத்த பேக்கப்புக்குள் போயிருக்கும்.

அதனால்தான் மெதுவான நாட்களையும் தாண்டி இதிலேயே இருக்கிறேன். ஆனால் சுழலும் டிஸ்க்கில் மெய்நிகர் கணினியும் டேட்டாபேஸும்தான் உங்கள் முழுநேர வேலை என்றால், எக்ஸ்ட்4-ஐ விட்டு வராதீர்கள்.