பேய் பங்களா போட்டிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவே பாகப்பிரிவினை வழக்கில் பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய பங்களா. அதில் 'பேய் வேட்டைப் போட்டி' என்று அறிவித்து ஆறு குழுக்களிடம் வசூல் செய்திருக்கிறார்கள். முதல் பரிசு கோப்பை, கூடவே 1 லட்சம் ரூபாய் ரொக்கம் என்று விளம்பரம். கோப்பை கொடுத்தார்கள். ரொக்கம் யார் கைக்கும் போகவில்லை. ஏமாந்த குழுக்களில் நான்கு, தங்கள் ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், ஒலி-ஒளிப் பதிவுகள், கையோடு வந்துவிட்ட இரண்டு வாடகைக் கருவிகள் எல்லாவற்றையும் எங்களிடம் ஒப்படைத்தன. எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பதும் ஒலிப்பதிவும்தான் எங்கள் தொழில். பிரித்துப் பார்த்ததில் தெரிந்தது கீழே.

நடத்தியவர் பெயரைப் போடவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு வேறு பங்களாவில் கடை விரிக்க அவருக்கு எவ்வளவு நேரமாகும்? அதனால் முறையை எழுதுகிறோம். பேய் உண்டா இல்லையா என்ற பஞ்சாயத்தும் இங்கே வேண்டாம். அப்படியே ஒன்று இருந்திருந்தாலும் அந்தப் போட்டியில் அதற்கு மார்க் விழுந்திருக்காது.

முதலில் பணக் கணக்கு. குழுவுக்கு நுழைவுக் கட்டணம் 4,000 ரூபாய். சொந்தக் கருவி கொண்டுவரக் கூடாது, எல்லோருக்கும் ஒரே தரம் வேண்டும் என்று சொல்லி கருவி வாடகை 2,500. திருப்பித் தருவதாகச் சொன்ன காப்புத்தொகை 3,000. ஆக 9,500. காப்புத்தொகை ஒருவருக்கும் திரும்பவில்லை. ஆன்டெனா வளைந்தது, பேட்டரி மூடி காணோம் என்று ஆளுக்கொரு காரணம். எல்லாமே ஒரு தனிநபர் யுபிஐ எண்ணுக்குப் போயிருக்கிறது. ரசீதில் ஜிஎஸ்டி எண் என்று ஏதோ போட்டிருக்கிறார்கள். அது 15 இலக்கம் இருக்க வேண்டும், தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33 என்று தொடங்க வேண்டும். இதில் 12 இலக்கம்தான். எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் போதும், யாரும் எண்ணவில்லை.

மார்க் போடும் முறையில்தான் மொத்தச் சூதும் இருக்கிறது. கருவி ஒரு தடவை எரிந்தால், கத்தினால், 'பேசினால்' 5 மார்க். ஏன் எரிந்தது என்று பார்க்க யாருமில்லை. கருவியும் நடுவரும் அவர்களுடையது. கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், ஏமாற்ற முடியாத நிபந்தனையில் அமானுஷ்ய சக்தியைக் காட்டுகிறவருக்கு 1 லட்சம் ரூபாய் என்று 1963ல் சவால் விட்டார். போத்தனூர் பிரேமானந்த் அதே சவாலைத் தொடர்ந்தார். அமெரிக்காவில் மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டி இதேபோல் அறிவித்த பரிசு 10 லட்சம் டாலர் வரை வளர்ந்து 2015ல் முடிந்தது. யாரும் அவற்றை வெல்லவில்லை. ஏமாற்ற வழியில்லாத நிபந்தனை இருந்தால் நிலவரம் அப்படித்தான் இருக்கும். ஒரே ராத்திரியில் 40, 50 மார்க் குவிகிறது என்றாலே சந்தேகப்பட வேண்டும்.

கே-டூ மீட்டரிலிருந்து ஆரம்பிக்கலாம். ஐந்து விளக்கு, பச்சையில் தொடங்கி சிவப்பில் முடியும். 1.5 மில்லிகாஸ் (காந்தப்புலத்தின் அளவு) தாண்டினால் இரண்டாவது எரியும், 20க்கு மேல் போனால் கடைசிச் சிவப்பு. மின்கம்பியைச் சுற்றியிருக்கும் காந்தப்புலத்தை அளக்கச் செய்த சாதாரணக் கருவி இது. ஆனால் பக்கத்தில் செல்போனோ வாக்கி-டாக்கியோ ரேடியோ அலை விட்டால் அதற்கும் துள்ளும். எங்களிடம் வந்த மீட்டரில் எந்தக் கைவரிசையும் இல்லை, ஒரிஜினல் சரக்கு. தேவையே இல்லையே! 'பாதுகாப்புக்கு' என்று நிறுத்திய ஆட்கள் இடுப்பில் வாக்கி-டாக்கி இருந்தது. மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று பேசாமல் பொத்தானை மட்டும் அழுத்தினால் இந்தப் பக்கம் சிவப்பு எரியும். ரெம் பாட் என்ற ஆன்டெனா வைத்த உருளையும் அதே அலைக்குக் கத்தும்.

இது ஊகமில்லை. போட்டி தொடங்க ஊதிய விசில் எங்களிடம் வந்த எல்லாப் பதிவிலும் விழுந்திருந்தது. அதை வைத்து நான்கு பதிவுகளையும் ஒரே நேரக்கோட்டில் நிறுத்தினோம். ஹாலில் ஒரு குழுவின் மீட்டர் சிவந்த போதெல்லாம், பக்கத்து அறையில் எதிர்க்குழு வைத்திருந்த ரெக்கார்டரில் ஒரு 'டக்'. விளக்கு அணையும்போது இன்னொரு 'டக்'. வாக்கி-டாக்கிப் பொத்தானை அழுத்தும்போதும் விடும்போதும் மலிவான மைக் சர்க்யூட்டில் ஏறும் சத்தம் அது. இரண்டு பதிவையும் சேர்த்துக் கேட்டால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். தனித்தனியே கேட்டால் ஒன்றுமே இல்லை.

போட்டி என்று வைப்பதே இதற்குத்தான். எதிர்க்குழு மார்க் பார்த்துவிடக் கூடாது என்று ஆளாளுக்குப் பதிவை ஒளித்து வைக்கிறார்கள், ஒருவர் கருவியை ஒருவர் தொடுவதில்லை, யாருக்கு எந்த நேரத்தில் எரிந்தது என்று பேசிக்கொள்வதில்லை. நடத்துகிறவருக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்?

ஸ்பிரிட் பாக்ஸ் இன்னும் மோசம். அது எஃப்.எம். அலைவரிசையில் நிற்காமல் ஓடும் ரேடியோ. 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை 0.1 வீதம் தாவினால் 200 இடம், ஓரிடத்தில் 0.1 விநாடி நின்றால் ஒரு சுற்றுக்கு 20 விநாடி. சென்னையில் தமிழ் நிலையங்களுக்குப் பஞ்சமில்லை, அதனால் 'வா', 'ஆ', 'நா' என்று துண்டு துண்டாக விழுந்துகொண்டே இருக்கும். மிச்சத்தை நம் காது நிரப்பிக்கொள்ளும். அதுவரை நியாயமான விளையாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இவர்கள் பெட்டியில் ஒரு பெண் குரல் 'ஏன் வந்தே' என்று முழுசாகக் கேட்டது. அதைச் சொல்லி முடிக்க அரை விநாடியாவது ஆகும். அதற்குள் பெட்டி ஐந்து இடம் தாவியிருக்க வேண்டும். ஒரே குரல் அறுபடாமல் வரவே முடியாது. திறந்தோம். ட்யூனர் போர்டுக்குப் பக்கத்தில் மெமரி கார்டு செருகிய எம்பி3 போர்டு, அதோடு ஒட்டி 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் ரிசீவர். கார்டில் 'போ', 'ஏன் வந்தே', ஒரு அழுகை, ஒரு சிரிப்பு. சிரிப்பு கொஞ்சம் மிகை நடிப்பு.

திறக்காமலே சோதிக்கலாம். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட் பாக்ஸை ஓடவிட்டு, ஃப்ளைட் மோடில் பதிவு செய்யும் ஒரு செல்போனையும் சேர்த்து உள்ளே வைத்து மூடுங்கள். ஐந்து நிமிடம் போதும். எஃகுக்குள் எஃப்.எம். அலை அமுங்கி வெறும் இரைச்சல்தான் பதிவாக வேண்டும். உள்ளேயும் தெளிவாகப் பேசினால் அது ரேடியோ இல்லை. பேசாவிட்டால் மட்டும் நல்ல பெட்டி என்று முடிவுகட்டாதீர்கள், ரிமோட் அலையும்தான் தடைபடும். மூடி இருந்தபோது வாய் மூடி, திறந்ததும் முழு வாக்கியம் வந்தால் அதுவும் இதே கதை. ஹெட்போன் போட்டுக் கேட்பதானால் ஒயர் வைத்தது மட்டும். ப்ளூடூத் என்றால் வேறு கருவி நுழைய வாய்ப்பு உண்டு.

'குளிர்ந்த மூலை'க்கு 10 மார்க். கொடுத்தது துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். அது காற்றை அளக்காது, எதிரே உள்ள பரப்பை அளக்கும். 12:1 வகை என்றால் 3.6 மீட்டர் தள்ளி நின்று பிடித்தால் 30 சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரி. அந்தச் சிவப்புப் புள்ளி வெறும் குறி. ஈரம் ஊறிய சுண்ணாம்புச் சுவர் எப்போதுமே சில்லென்றுதான் காட்டும். பளபளக்கும் பித்தளைக் குமிழ் மேல் பிடித்தால் எதிரே பிரதிபலிப்பதன் சூட்டைக் காட்டும். இது போதாதென்று ஒரு வீடியோவில் பூட்டிய அறைக் கதவின் அடியில் தண்ணீர்க் கோடும் ஈர மரத்தூளும் தெரிகின்றன. காசிமேட்டில் மீனுக்கு வாங்குகிற ஐஸ் பாளத்தை உள்ளே அடுக்கியிருக்கிறார்கள் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. காற்றின் சூடு தெரிய, கம்பி முனை வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்து குறிக்க வேண்டும்.

திரையில் குச்சி மனிதன் காட்டும் கேமரா பெரும்பாலும் பழைய கினெக்ட், எக்ஸ்பாக்ஸ் வீடியோ கேமுக்குச் செய்தது. மைக்ரோசாஃப்ட் 2017ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. மனித உடம்பைத் தேடவே எழுதிய மென்பொருள் என்பதால் நாற்காலி, துணிக்கொடி எதிலும் கை கால் வரைந்துவிடும். முதல் தலைமுறைக் கருவி இரண்டை ஒரே அறையில் ஓட்டினால் ஒன்றின் அகச்சிவப்புப் புள்ளிகள் மற்றதைக் குழப்பும். இங்கே இரண்டு குழு அதை ஓட்டியது ஒரே ஹாலில்.

எந்த மோசடியும் இல்லாமலே வட சென்னை வீடுகள் போதிய மார்க் தரும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021ல் நீட்டித்த மெட்ரோ, தண்டையார்பேட்டை வரை தரைக்கடியில் ஓடுகிறது. கன்டெய்னர் லாரி இரவெல்லாம் போகும். தொட்டால் எரியும் பூனைப் பந்தைத் தரையில் வைத்தால் அந்த அதிர்வுக்கே எரியும். மடித்த துண்டின் மேல் ஒன்று, வெறும் தரையில் ஒன்று வைத்து ஒப்பிடுங்கள். மச்சில் தடதடவென்று ஓடுவது மரநாய். ஃபோட்டோவில் மிதக்கும் வெள்ளை உருண்டை, உப்புக் காற்றில் உதிரும் சுண்ணாம்புத் தூசி ஃப்ளாஷில் மின்னுவது. தெரு ஓரச் சுவர் பக்கம் மட்டும் மீட்டர் எரிகிறதா, வெளியே மின்வாரிய பில்லர் பாக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். நுழைந்ததும் விளக்கெல்லாம் எரியும்போதே ஒரு மீட்டர் இடைவெளியில் தரை, இடுப்பு, தலை உயரத்தில் அளந்து எழுதிவைக்க வேண்டும். கே-டூ ஒரு திசைதான் உணரும், மூன்று பக்கமும் திருப்புங்கள்.

கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய செங்கல்-சுண்ணாம்புக் கூரையைத் தாங்குவது தேக்கு உத்தரங்கள். கரையான் உள்ளே தின்ற உத்தரம் வெளியே திடமாகத் தெரியும். 2023 ஏப்ரலில் பாரிமுனை அரண்மனைக்காரன் தெருவில் பழைய கட்டடம் பட்டப்பகலில் இடிந்து விழுந்தது. இங்கே இருட்டில் மாடியில் ஒரே நேரத்தில் பதினைந்து பேர். ஜெனரேட்டர் வேறு முற்றத்தில் ஓடியிருக்கிறது. மூடிய வீட்டில் அதன் புகையின் கார்பன் மோனாக்சைடு தலைசுற்றல், பிரமை எல்லாம் தரும், அளவு மீறினால் உயிரே போகும். உரிமையாளரின் எழுத்து அனுமதி கேட்டுப் பாருங்கள். வழக்கில் உள்ள வீட்டுக்கு ஒரு பங்காளி சம்மதம் போதாது, அத்துமீறி நுழைந்த வழக்கு உங்கள் மேல் வரலாம்.

அதிகம் இழந்தது ஜெயித்த குழு. பரிசுக்கு டிடிஎஸ் 30 சதவீதம், 30,000 ரூபாய் கட்டினால் 1 லட்சம் வந்துவிடும் என்றார்கள். கட்டினார்கள். அதோடு அவர்கள் போன் எண் அணைந்தது. இப்படிப்பட்ட ரொக்கப் பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் வரி உண்மைதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு மீதி 70,000 ரூபாயைத் தர வேண்டியது கொடுப்பவர் வேலை. ரொக்கப் பரிசு வாங்குகிறவர் முன்கூட்டி அனுப்பும் வரி என்று ஒன்று கிடையாது.

ஏற்கெனவே கட்டியவர்கள் முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். பணம் கைமாறிய முதல் சில மணி நேரத்தில் சொன்னால் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். காவல் நிலையத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவை (ஏமாற்றுதல்) சொல்லி எழுதிக் கொடுங்கள். காப்புத்தொகைக்கு 1915 நுகர்வோர் உதவி எண், பிறகு வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் இல்லை. ஆறு குழுவும் சேர்ந்து போங்கள். மெமரி கார்டை அழிக்காமல் எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கி, எடுத்த நேர விவரமும் போய்விடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். இன்னும் இரண்டு குழுக்களின் பதிவு எங்களுக்கு வரவில்லை. மாடி அறையில் ரெக்கார்டர் வைத்திருந்தவர்கள் அவர்கள்தான்.