டைக்ளோஃபெனாக்கிற்கு எந்த பிஎச்: 2.5-ஆ, 4.5-ஆ, 7-ஆ?

வலிநிவாரணிகளான பாரசிட்டமாலும் டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்த மாத்திரைகளை எச்பிஎல்சியில் (கலவையைக் குழாய் வழியே செலுத்திப் பிரித்து அளக்கும் உத்தி) அளவிடும் முறையில், சி18 குழாயை (கார்பன் சங்கிலிகள் பிணைந்த சிலிக்காத் துகள்கள் நிரம்பியது) மாற்றாமல், நகரும் நிலைமையின் (அதன் வழியே ஓடும் கரைப்பான் கலவையின்) பிஎச்சை, அதாவது அமிலத்தன்மை அளவை மட்டும் 4.5-இலிருந்து 2.5-க்குக் கொண்டுவந்தேன். அதில் கிடைத்த நிம்மதியே இந்த ஒப்பீட்டை எழுதத் தூண்டியது.

பாரசிட்டமாலின் பிகேஏ (ஒரு அமிலத்தில் பாதி அயனியாகும் பிஎச்) ஏறக்குறைய 9.5, மூன்று பிஎச்களிலும் அது மின்சுமையின்றி இருந்து முதலில் வெளியேறிவிடும். சிக்கல் முழுவதும், பிகேஏ ஏறக்குறைய 4 ஆக உள்ள டைக்ளோஃபெனாக்கில்தான். மின்சுமையற்ற வடிவில் இந்த அமிலம் சி18 பரப்பில் நெடுநேரம் தங்கும். அயனியானதும் நகரும் நிலைமையோடு விரைவில் போய்விடும்.

4.5-இல் டைக்ளோஃபெனாக்கின் தங்கும் நேரம் (குழாயிலிருந்து வெளிவர எடுக்கும் நேரம்) ஒவ்வொரு புதிய தாங்கல் கரைசலுக்கும் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்) நகர்ந்துகொண்டே இருந்தது. முதலில் அந்தக் கரைசலில் இருந்த அசிட்டேட்டைச் சந்தேகித்தேன். ஆனால் அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ 4.76 என்பதால் அது அங்கே நன்றாகவே தாங்கும். கணக்கிட்டுப் பார்த்தபோதுதான் காரணம் புலப்பட்டது: 4.5-இல் மின்சுமையற்ற பங்கு சுமார் 24 விழுக்காடு. பிஎச் மானியின் அளவுத்திருத்தத்தில் 0.1 பிசகி 4.4 ஆகிவிட்டால் அது 28-ஐத் தாண்டுகிறது, அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது, தங்கும் நேரமும் அதன் பின்னாலேயே நகர்கிறது. 2.5-இலோ அதே பிசகு 97 விழுக்காட்டை 97.5 ஆக்குவதோடு நின்றுவிடுகிறது. நகரும் நிலைமையின் கரைப்பானான அசிட்டோநைட்ரில் கலந்ததும் பிஎச், பிகேஏ இரண்டும் இடம்பெயர்வதால் இவை நீருக்கான தோராய எண்களே. ஆயினும் பிகேஏயை ஒட்டிய பகுதியில் சரிவு செங்குத்தாக இருப்பது மாறாது. பிஎச்சை அசிட்டோநைட்ரில் சேர்க்கும் முன்பே அளந்து குறித்துவைப்பது இதனால்தான் முக்கியம்.

2.5-க்கும் விலை உண்டு. டைக்ளோஃபெனாக் தாமதமாக வருவதால் அசிட்டோநைட்ரிலைக் கூட்ட வேண்டும். அமிலத்தில் அது எளிதில் கரையாததால், மாதிரியைத் தாங்கல் கரைசலில் அல்லாமல் மெத்தனால் கலந்த நீரில் கரைக்கிறேன்.

பிஎச் 7-இல் டைக்ளோஃபெனாக் கிட்டத்தட்ட முழுவதும் அயனியாகிவிடுவதால் அங்கும் நேரம் நிலையாக இருக்கும், ஓட்டமும் குறுகும். ஆனால் பதிவில் இரு மருந்துகளின் முகடுகளும் நெருங்கிவருகின்றன. தாங்கல் கரைசலின் பாஸ்பேட் அங்கே குழாயில் உள்ள சிலிக்காவை விரைவாகக் கரைக்கவும் கூடும், குறிப்பாகக் குழாயைச் சூடாக்கினால். அந்த நிலையில் சில வாரங்களே வேலை செய்திருப்பதால், குழாயின் ஆயுளைப் பற்றி என் அனுபவத்திலிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.