ரயில் வராத ரயில்பாதையில் ஒரு சைக்கிள் பயணம்

மலையடிவாரத்தில் சைக்கிள் ஓட்ட ஆசை இருக்கிறது, ஆனால் முட்டி ஒத்துழைக்கவில்லை என்பவர்களுக்குத் தெற்கு ஸ்பெயினில் ஒரு பாதை இருக்கிறது. பெயர் வியா வெர்தே தெ லா சியெர்ரா. ஒல்வேரா என்ற மலையூருக்கும் புவெர்த்தோ செர்ரானோ என்ற சிற்றூருக்கும் நடுவே சுமார் 36 கிலோமீட்டர். நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், குதிரையில்கூடப் போகலாம். கார், பைக் வரக் கூடாது. கட்டணம் ஒரு காசு கிடையாது.

மகன் வேலை விஷயமாகச் செவில் நகரத்தில் இருக்கிறான். அங்கே போயிருந்தபோது என்னை இங்கே கூட்டிப் போனவள் மருமகள். சைக்கிளின் இரண்டு பக்கமும் பை கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் ஊர் சுற்றுகிறவள் அவள். நான் பொள்ளாச்சியில் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டியதோடு சரி. பேங்கில் சேர்ந்த பிறகு ஸ்கூட்டர், ஓய்வு பெற்ற பிறகு அதுவும் இல்லை. ஆகவே ஒரு வீராங்கனையின் விமர்சனத்தை எதிர்பார்த்து இதைப் படிக்க வேண்டாம்.

முதலில் பாதையின் கதை. 1920களில், பிரிமோ தெ ரிவேரா ஆட்சி செய்த காலத்தில், ஹெரெஸ் நகரத்திலிருந்து அல்மார்கென் வரை ரயில் விடத் திட்டம் போட்டார்கள். மலையைக் குடைந்தார்கள், ஆற்றுக்கு மேலே பாலம் கட்டினார்கள், ஸ்டேஷன் கட்டடங்கள்கூட எழுப்பினார்கள். அப்புறம் பணமுடை வந்தது, 1936இல் உள்நாட்டுப் போர் வந்தது, ரயில் மட்டும் வரவேயில்லை. பல பத்தாண்டுகள் சும்மா கிடந்ததைத்தான் பிற்பாடு சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். கைவிட்ட ரயில்பாதைகளை இப்படி மாற்றும் திட்டம் ஸ்பெயினில் 1993இல் தொடங்கியது. இன்று நாடு முழுக்க 3,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

இந்த வரலாறு நம் முட்டிக்கு நேரடியாகப் பயன்படுகிறது. ரயில் எஞ்சினுக்குச் செங்குத்தாக ஏற வராது. நூறு மீட்டர் போவதற்குள் இரண்டு மீட்டர் உயர வேண்டும் என்றாலே அதற்குப் பெரிய ஏற்றம். அதனால் மலை குறுக்கே வந்தால் சுரங்கம், பள்ளம் வந்தால் பாலம் என்று சமாளித்திருக்கிறார்கள். மொத்தம் 30 சுரங்கங்கள், 4 உயரமான பாலங்கள். சுற்றிலும் எந்தப் பக்கம் பார்த்தாலும் குன்று. நாம் மட்டும் கிட்டத்தட்டச் சமதரையில் போய்க்கொண்டிருக்கிறோம். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு போகும் ரோடும் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வால்பாறைக்கு விரட்டிக்கொண்டு போகும் வண்டிகளுக்கு நடுவே ஆனைமலையை நிமிர்ந்து பார்க்க யாருக்குத் தைரியம் வரும்? இங்கே பின்னால் என்ன வருகிறது என்ற கவலை இல்லாமல் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டே ஓட்டலாம். நான் முழு மதிப்பெண் கொடுப்பது இதற்குத்தான்.

சுரங்கங்களைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். சில நாலு மிதியில் முடிந்துவிடும். மிக நீளமானது ஒரு கிலோமீட்டரைத் தொடுகிறது. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் சில நொடிகள் கண் சுத்தமாகத் தெரியாது. அதோடு சட்டெனக் குளிரும். வியர்வையில் நனைந்த முதுகில் அந்தக் குளிர் படும்போது சுகமா பயமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நீளமான சுரங்கங்களில் ஆள் வருவதை உணர்ந்து எரியும் விளக்குகள் வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது ஓரிடத்தில் அவை எரியவில்லை. "அத்தை, ஓரமாப் போகாதீங்க, நடுவுலயே வாங்க, என் சிவப்பு லைட்டைப் பாத்துட்டே வாங்க" என்று முன்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. மேலேயிருந்து சொட்டும் தண்ணீர் கழுத்தில் விழுந்தது. என் டயர் சரளையில் நெரியும் சத்தமே சுவரில் பட்டு, வேறு யாரோ பின்னால் வருவதுபோலக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பேலன்ஸ் போய்விடும் என்று பார்க்கவில்லை.

உண்மையான ஆபத்து இருட்டு அல்ல, விளக்கு இல்லாமல் நடந்து வருகிறவர்கள்தான். கூட்டமாக, பேசிக்கொண்டே, பாதையின் முழு அகலத்துக்கும் வருவார்கள். பெல் அடித்துக்கொண்டே போங்கள். வாடகைச் சைக்கிளில் லைட் இருக்கும் என்று நம்பாமல் சொந்தமாக ஒன்று கொண்டுபோங்கள். போன் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டும் சாகசமெல்லாம் நம் வயதுக்கு வேண்டாம்.

பாதையின் நடுப்பகுதியில் ஸாஃப்ரமகோன் பாறை வருகிறது. தனியாக நிற்கும் பெரிய சுண்ணாம்புப் பாறை. அதில் நூற்றுக்கணக்கில் பாறுக் கழுகுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், குடியிருக்கின்றன. தெற்கு ஸ்பெயினின் இந்தப் பகுதிக்கு அந்தலூசியா என்று பெயர்; அதன் பெரிய பாறுக் கூட்டங்களில் இதுவும் ஒன்று. எச்சம் வழிந்து பாறை இடுக்குகளில் வெள்ளையடித்ததுபோல் கோடு கோடாகத் தெரியும். எனக்கு முதலில் கண்ணில் பட்டது பறவை அல்ல, நிழல். அகலமான ஒரு நிழல் பாதையைக் குறுக்கே கடந்தது. நிமிர்ந்தால் இறக்கையின் ஓரத்தில் விரல் விரித்ததுபோல் இறகுகள், நடுவே துருத்திக்கொண்டு வெளிர்நிறக் கழுத்து. இறக்கையை விரித்தால் இரண்டரை மீட்டர் இருக்கும். ஒருமுறைகூட அடிக்காமல் வட்டம் போட்டுக்கொண்டே மேலே போய்விட்டது. விடிந்ததும் கிளம்பிப் போனால் அவை பாறையில் உட்கார்ந்துதான் இருக்கும்; வெயில் ஏறிச் சூடான காற்று மேலெழும்பிய பிறகே பறக்கத் தொடங்கும். காலை பத்து, பதினொன்று வாக்கில் அந்த இடத்தில் இருக்கும்படி கணக்குப் போடுங்கள். பாறை பாதுகாக்கப்பட்ட பகுதி, ஏற விடமாட்டார்கள். பக்கத்தில் ரயில் வராத ஸ்டேஷன் ஒன்றைப் பறவைகளுக்கான கூடமாக்கி, பாறையில் வைத்த கேமரா வழியாகக் கூடுகளைக் காட்டுகிறார்கள்.

நம் ஊரில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து கொடுத்த மாடுகளின் சடலத்தைத் தின்று பாறுகள் செத்து ஒழிந்தன. 2006இல் மாடுகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதற்குள் பெரும்பாலானவை போய்விட்டன. தமிழ்நாட்டில் இப்போது முதுமலை, மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம்தான் மிச்சம். அதை யோசித்துக்கொண்டு அங்கேயே ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டேன். மருமகள் வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்துக் கிளப்பினாள்.

அடுத்து கோரிப்பே. அங்கேயும் ஸ்டேஷன் கட்டடத்தைச் சாப்பிட, தங்க வசதி செய்திருக்கிறார்கள். ஊர்ப்பக்கம் சப்பார்ரோ தெ லா வேகா என்ற பிரம்மாண்டமான ஓக் மரம் இருக்கிறது. இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்துக் காக்கிறார்கள். ஊர்த் திருவிழாவே அதன் நிழலில் நடக்கிறதாம்.

சாப்பாடு, சைவர்களுக்குக் கொஞ்சம் சிரமம். வழியில் ஒரு கடையில் இறைச்சி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லி சாலட் கேட்டேன். மேலே டியூனா மீனைத் தூவிக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த ஊரில் மீன் இறைச்சிக் கணக்கில் வராது போலிருக்கிறது. மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லிவிடுங்கள். காலை உணவில் பிரச்சினை இல்லை: சுட்ட ரொட்டி, துருவிய தக்காளி, மேலே அந்தப் பக்கத்து ஆலிவ் எண்ணெய். பச்சையாக, விழுங்கும்போது தொண்டையில் லேசாகக் காரும் எண்ணெய். நான் இரண்டாவது தட்டும் வாங்கினேன்.

எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்பதில் எனக்குத் திடமான அபிப்பிராயம் உண்டு. ஒல்வேரா மேட்டில் இருக்கிறது, புவெர்த்தோ செர்ரானோ தாழ்வில். ஒருவழி மட்டும் என்றால் ஒல்வேராவிலிருந்து இறங்குங்கள், பாதி தூரம் பெடலே வேண்டாம். அன்றே திரும்புவதானால் கீழேயிருந்து தொடங்குங்கள். பலரும் ஒல்வேராவில் ஜாலியாகக் கிளம்பிவிட்டு, மத்தியான வெயிலில் திரும்பி ஏறும்போது முணுமுணுக்கிறார்கள். லேசான ஏற்றம்தான், ஆனால் விடாத ஏற்றம். எலக்ட்ரிக் சைக்கிள் எடுத்தால் இந்தக் கவலை இல்லை. ஜூலை, ஆகஸ்டில் போகவே வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சுரங்கத்துக்கு வெளியே பல இடங்களில் நிழலே கிடையாது. இளவேனிலும் இலையுதிர் காலமும் நல்லது. ஆனால் மழை பெய்த மறுநாள் மண்பாதைப் பகுதிகளில் சேறு இருக்கும்.

போய்ச் சேருவதுதான் பெரிய குறை. ரயிலுக்காகப் போட்ட பாதைக்குப் போக ரயில் இல்லை. ரோந்தா வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ்ஸோ காரோதான். பஸ்ஸை நம்பினால் நேரத்தை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். சொந்தச் சைக்கிளில் சாமானோடு வருகிறவர்கள் பாதையைத் தொடும்வரை மற்ற வண்டிகளோடுதான் ஓட்ட வேண்டும்.

மருமகளின் தீர்ப்பு வேறு. "அழகுதான் அத்தை, ஆனா எனக்கு இது அரை நாள்" என்கிறாள். அவள் சிபாரிசு செய்வது ஹயேன் நகரத்திலிருந்து புவெந்தே ஹெனில் வரை போகும் ஆலிவ் எண்ணெய்ப் பாதை. 128 கிலோமீட்டர், நெடுக ஆலிவ் தோப்பு, பழைய இரும்புப் பாலங்கள். அங்கே நிஜமாகவே எண்ணெய் ரயில் ஓடியிருக்கிறது. பை கட்டிக்கொண்டு இரவு தங்கிப் போகிறவர்களுக்கு அவள் சொல்வது சரியாக இருக்கலாம். என்னைப் போன்றவர்களுக்கு 36 கிலோமீட்டரே தாராளம்.

கடைசியாக ஒன்று. ஒல்வேரா ஸ்டேஷன் கீழே இருக்கிறது. கோட்டையும் கோயிலுமாகப் படங்களில் பார்க்கும் ஊர் குன்றின் மேலே இருக்கிறது. பாதையில் மிச்சம் பிடித்த ஏற்றம் எல்லாம் அந்த ஊர்த் தெருக்களில் காத்திருக்கிறது. சைக்கிளைக் கீழேயே ஒப்படைத்துவிட்டு டாக்ஸி பிடித்து மேலே போங்கள்.