ஏடிவி சர்வீஸுக்கு விட்டு ஏமாந்த கதை: பழைய ஃபில்டரைக் கேட்டு வாங்குங்கள்

ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் மூட்டை ஏற்ற ஒரு பழைய ஏடிவி (கரடுமுரடான தடத்தில் ஓட்டும் வண்டி) வைத்திருக்கிறேன். 200 சிசி, நான்கு சக்கரம், மற்றபடி பைக் மாதிரியே கியரும் கிளட்ச்சும். ரோட்டில் ஓட்டப் பதிவு இல்லாத வண்டி. அதனால் சர்வீஸ் என்றால் குட்டியானையில் ஏற்றி, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் போக வேண்டும். வாடகையே 2,500 ரூபாய். வயிற்றெரிச்சலில் பாதி அதுதான்.

போன மாதம் விட்ட ஒர்க்‌ஷாப்பின் பெயர் வேண்டாம். பில் 4,850: இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டேப்பட் அட்ஜஸ்ட்மென்ட் (இன்ஜின் வால்வு இடைவெளியைச் சரிசெய்வது), லேபர். "டீ குடிச்சிட்டு வாங்க சார்" என்றார்கள். முக்கால் மணி நேரத்தில் வண்டி ரெடி. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். டேப்பட் இடைவெளியை இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் அளப்பார்கள். இவர்கள் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, சூட்டோடு சூடாக வேலையில் இறங்கியவர்கள்.

நான்காம் நாள் மேட்டில் ஏறும்போது இன்ஜின் அலறுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. உள்ளூர் பைக் மெக்கானிக் தம்பி வந்து பார்த்துவிட்டு, "கிளட்ச் ஸ்லிப் ஆகுதுண்ணே. என்ன ஆயில் ஊத்துனாங்க?" என்று கேட்டார். நல்லவேளை, ஒர்க்‌ஷாப்பில் எடுத்த போட்டோ ஒன்று போனில் இருந்தது. பின்னால் நின்ற கேனைப் பெரிதாக்கினால் 5டபிள்யூ-30, கார் ஆயில். இந்த மாதிரி வண்டியில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கும். கார் ஆயிலில் வழுக்கலுக்காகச் சேர்க்கும் சரக்கு தட்டுகளைப் பிடிக்க விடாது. கேனில் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று, இந்த மாதிரி கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான ஜப்பானியத் தரக் குறி போட்டிருக்க வேண்டும். அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

சரி, மற்றதையும் பார்ப்போம் என்று திறந்தோம். ஆயில் ஃபில்டர் மூடியின் போல்ட் தலைக்குள் செம்மண் கல்லாக இறுகியிருந்தது, ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. ஏர் ஃபில்டர் பெட்டியில் அதே பழைய ஸ்பாஞ்ச், அதன் அடியில் காய்ந்த சில்வர் ஓக் இலை ஒன்று. சேலத்துக்குப் போய் ஊர் பார்த்துவிட்டுத் திரும்பிய இலை!

ஒர்க்‌ஷாப்காரருக்குப் போன் செய்தால், "எல்லா ஆயிலும் ஒண்ணுதான் சார், நீங்க ஓவர்லோடு ஏத்தியிருப்பீங்க" என்கிறார். இலையோடு போட்டோ அனுப்பிய பிறகு ஏர் ஃபில்டர் காசு 650 மட்டும் ஜிபேயில் வந்தது. கிளட்ச் தட்டு, புது ஆயில், கூலி என்று எனக்கு இன்னொரு 3,400 போனது.

நீங்கள் விடுவதாக இருந்தால் டீக்கடைக்குப் போகாதீர்கள். சீல் உடைக்காத கேனை உங்கள் முன்னாலேயே திறக்கச் சொல்லுங்கள். கழற்றிய ஃபில்டரைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், எண்ணெய் ஒழுகினாலும் பரவாயில்லை. டேப்பட் பார்க்க வேண்டுமென்றால் வண்டியை முதல் நாள் மாலையே விட்டுவிடுங்கள்.

அந்த ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காய வைத்து, ஃபில்டர் ஆயில் தடவி நானே மாட்டினேன். அரை மணி நேர வேலை.